சிமுலேட்டரில் போர் விமானத்தின் உச்ச வேகத்தை அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ், டிசிஎஸ் வேர்ல்ட் என்ற இரண்டு கணினி விமான சிமுலேட்டர்களிலும் பல வருடங்களாக விமானங்களை நேராக ஓட்டி வேகம் அளந்து வருகிறேன். சண்டை போடுவதைவிட எனக்கு இதில்தான் ஈடுபாடு அதிகம். புதிதாக இதில் இறங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர்க்கால பிஸ்டன் விமானங்களைப் பற்றித்தான். ஜெட் பற்றிக் கடைசிப் பக்கமாகக் கொஞ்சம் வரும்.

புத்தகத்தில் போட்டிருக்கும் வேகத்தை என் விமானம் தொடவே மாட்டேன் என்கிறது. சிமுலேட்டரில் தப்பா?

பெரும்பாலும் இல்லை. அந்த எண் எந்த உயரத்துக்கு, எந்த பவருக்கு என்று பார்க்காமல் விட்டிருப்பீர்கள்.

பி-51டி முஸ்டாங்கை எடுத்துக்கொள்வோம். எல்லாப் புத்தகங்களிலும் மணிக்கு 437 மைல், அதாவது 703 கி.மீ. என்று இருக்கும். அது 25,000 அடி உயரத்தில், அவசர பவரில் (என்ஜின் சில நிமிடமே தாங்கும் உச்ச பவர்) கிடைக்கும் வேகம். அதே விமானத்தை அதே பவரில் கடல் மட்டத்தில் ஓட்டினால் 600 கி.மீ.க்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 25,000 அடியில் உண்மையிலேயே 437 மைலில் போய்க்கொண்டிருக்கும்போது, காக்பிட்டில் உள்ள வேகமானியின் முள் 300ஐ ஒட்டித்தான் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு "விமானத்தில் ஏதோ கோளாறு" என்று முடிவு கட்டியவர்கள் நிறைய. விமானம் சரியாகத்தான் இருக்கிறது. முள் காட்டுவது வேறு வேகம், அவ்வளவுதான்.

மீட்டர் காட்டும் வேகத்துக்கும் உண்மை வேகத்துக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

வேகமானி நேரடியாக வேகத்தை அளப்பதில்லை. இறக்கையில் நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டாட் குழாயில் மோதும் காற்றின் அழுத்தத்தை அளந்து, அதைக் கடல் மட்டக் காற்றின் அடர்த்திக்கு ஏற்ற வேகமாகக் காட்டுகிறது. மேலே போகப் போகக் காற்று லேசாகிறது. அதே வேகத்தில் போனாலும் மோதும் அழுத்தம் குறைவு, அதனால் முள்ளும் தாழ்ந்தே நிற்கும்.

6,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 54 சதவீதம்தான். இதன்படி முள் காட்டுவதை 1.36ஆல் பெருக்கினால் உண்மை வேகம் வர வேண்டும். 3,000 மீட்டருக்கு 1.16, 9,000 மீட்டருக்கு 1.62. இந்த மூன்று எண்களை ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தால் சண்டைக்கு நடுவில்கூட உதவும்.

ஆனால் சோதனைக்கு இது போதாது. 6,000 மீட்டரில் முள் 450 கி.மீ. காட்டுகிறது என்று வையுங்கள். பெருக்கினால் 613 வரும். உண்மையில் அந்த விமானம் போவது சுமார் 602 கி.மீ. வேகத்தில். மீதி 11 கி.மீ. எங்கே போனது? வேகம் கூடும்போது குழாயின் வாயில் காற்று நெருக்கப்படுகிறது; அழுத்தம் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது; முள்ளும் கொஞ்சம் ஏறிவிடுகிறது. காற்று அமுங்குவதால் வரும் இந்தப் பிழைக்குத் தனியாகத் திருத்தம் போட வேண்டும். போர்க்கால அறிக்கைகள் சிலவற்றில் இந்தத் திருத்தம் செய்யப்படவில்லை. அப்படிப்பட்ட அறிக்கையை வைத்துக்கொண்டு சிமுலேட்டரைக் குறை சொன்னால் அந்த வாதம் நிற்காது.

குழாய் இருக்கும் இடத்தைப் பொறுத்தும் ஒரு பிழை உண்டு. இறக்கையையும் உடலையும் சுற்றி வளைந்து போகும் காற்று அளவீட்டைக் குழப்பும். நல்ல சிமுலேட்டர்கள் அதையும் உருவாக்கியிருக்கின்றன. எனவே காக்பிட் முள்ளை மட்டும் நம்பி ஓர் எண்ணை எழுதிவைக்காதீர்கள்.

வானிலையை எப்படி வைத்துக்கொள்வது?

15 டிகிரி வெப்பம், 760 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம், காற்று பூஜ்யம், கொந்தளிப்பு பூஜ்யம். இதற்குச் சர்வதேசத் திட்ட வளிமண்டலம் என்று பெயர். நிஜ விமானச் சோதனைகளிலும் என்றைக்கு என்ன வானிலையில் பறந்தாலும் முடிவை ஏதோ ஒரு திட்ட வளிமண்டலத்துக்கு மாற்றித்தான் எழுதினார்கள். ஐஎல்-2இல் ஒவ்வொரு விமானத்துக்கும் உள்ளே கொடுத்திருக்கும் குறிப்பில், அந்த எண்கள் இந்தச் சர்வதேச வளிமண்டலத்துக்கு உரியவை என்று எழுதியே இருக்கிறது.

இதைக் கவனிக்காமல் ஒரு வாரத்தைத் தொலைத்திருக்கிறேன். ஆரம்பத்தில் ஸ்டாலின்கிராட் குளிர்கால வரைபடத்தில், இருந்த வானிலையிலேயே ஜெர்மன் பிஎஃப் 109 எஃப்-4, சோவியத் யாக்-1 இரண்டையும் தரையை ஒட்டி ஓட்டி, முள் காட்டியதை நோட்டில் எழுதிவைத்தேன். இரண்டுமே குறிப்பில் உள்ளதைவிட ஐந்தாறு சதவீதம் வேகமாக இருந்தன. பெரிய கண்டுபிடிப்பு என்றே நினைத்தேன். பிறகுதான் வெப்பநிலையைப் பார்த்தேன்.

மைனஸ் 15 டிகிரியில், அழுத்தம் மாறாமல் இருந்தால், காற்றின் அடர்த்தி 11.6 சதவீதம் கூடுதல். உண்மையில் 500 கி.மீ.யில் போகிற விமானத்தின் முள் 528 காட்டும். அந்த 28 கி.மீ. குளிர்தான். இன்னும் சொன்னால், மேனிஃபோல்டு அழுத்தத்தை (என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) மாற்றாமல் தாழ்வாகப் பறக்கும்போது, குளிரில் உண்மை வேகம் சற்றுக் குறையத்தான் செய்யும். குளிர்ந்த காற்றில் என்ஜின் பவர் கொஞ்சம் கூடுகிறது. ஆனால் காற்றின் எதிர்ப்பு அதைவிட அதிகமாகக் கூடுகிறது. முள் ஏறுகிறது, விமானம் மெதுவாகிறது. அந்த நோட்டுப் பக்கங்களைக் கிழிக்காமல் குறுக்கே கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

எரிபொருள் எவ்வளவு போடுவது?

நீங்கள் நினைக்கிற அளவுக்கு இது முக்கியமில்லை. உச்ச வேகத்தில் இறக்கை மிகக் குறைந்த கோணத்தில் பறக்கிறது. எடையைத் தூக்குவதால் வரும் இழுவை மொத்தத்தில் ஒரு சின்னப் பங்குதான். தாழ்வான உயரத்தில் அரை டாங்கி கூடினாலும் குறைந்தாலும் சில கி.மீ.க்கு மேல் மாறாது. உயரே போனால் வித்தியாசம் பெரிதாகும், ஏனென்றால் அங்கே அதே எடையைத் தாங்க இறக்கை அதிகக் கோணம் எடுக்க வேண்டியிருக்கிறது. ஐஎல்-2 குறிப்பில் உள்ள உச்ச வேகங்கள் அந்த விமானத்தின் வழக்கமான எடைக்குக் கொடுக்கப்பட்டவை. அந்த எடை வரும்படி எரிபொருளை வைத்து, முழுத் தோட்டாக்களோடு கிளம்புங்கள்.

பவர் எவ்வளவு வைக்க வேண்டும்? ஆட்டா, அங்குலம், பவுண்டு என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே?

குழப்பம் இங்கேதான் அதிகம், எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எல்லாமே என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்தான். ஜெர்மானியர்கள் ஆட்டா என்றார்கள். ஒரு ஆட்டா என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ, பாதரசக் கணக்கில் சுமார் 736 மில்லிமீட்டர். ரஷ்யர்கள் நேராக மில்லிமீட்டரிலேயே எழுதினார்கள். அமெரிக்கர்களுக்கு அங்குலம். பிரிட்டிஷ்காரர்களுக்குச் சாதாரண வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் எத்தனை பவுண்டு என்பது கணக்கு. ஸ்பிட்ஃபயரின் பிளஸ் 18 பவுண்டும் முஸ்டாங்கின் 67 அங்குலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிஎஃப் 109 எஃப்-4இன் 1.42 ஆட்டா சுமார் 41 அங்குலம். ஆனால் இதை வைத்து எந்த என்ஜின் பலசாலி என்று பேச முடியாது. பிஎஃப் 109இன் டெய்ம்லர்-பென்ஸ் என்ஜின் அளவில் பெரியது, ஸ்பிட்ஃபயரிலும் முஸ்டாங்கிலும் உள்ள மெர்லின் சிறியது. குதிரைத்திறனிலும் ஒரு பொறி இருக்கிறது. ஜெர்மன் குதிரைத்திறன் 735.5 வாட், ஆங்கிலக் குதிரைத்திறன் 745.7 வாட்.

அடுத்தது சூப்பர்சார்ஜர், அதாவது என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. மெர்லின் 60 வரிசை என்ஜின்களில் இரண்டு கியர் உண்டு. முதல் கியரில் ஏறிக்கொண்டே போனால் ஓர் உயரம் வரை உண்மை வேகம் கூடிக்கொண்டே வரும். அதற்கு மேல் காற்று போதாமல் மேனிஃபோல்டு அழுத்தம் விழும், வேகமும் விழும். இரண்டாம் கியர் விழுந்ததும் மறுபடி ஏறும். வேகத்தையும் உயரத்தையும் தாளில் வரைந்தால் ரம்பப் பல் மாதிரி வரும். டெய்ம்லர்-பென்ஸ் 601, 605 என்ஜின்களில் கியருக்குப் பதில் எண்ணெய் இணைப்பு. உயரத்துக்கு ஏற்ப சூப்பர்சார்ஜரின் சுழற்சி தானாகவே மாறுவதால் கோடு வழுவழுப்பாக இருக்கும். இதனால்தான் "5,000 மீட்டரில் எது வேகம்?" என்ற ஒரே கேள்விக்குப் பதில் வந்ததும் விவாதம் முடிந்துவிடுவதில்லை. 1,000 மீட்டர் மேலேயோ கீழேயோ போனால் வரிசை தலைகீழாகலாம். குறைந்தது கடல் மட்டம், 2,000, 4,000, 6,000, 8,000 என்று ஐந்து உயரங்களில் அளந்து கோடு போடுங்கள். பல் முறியும் இடத்தில் நெருக்கமாக, 250 மீட்டருக்கு ஒன்றாக அளக்கலாம்.

எந்த பவரில் அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். எஃப்-4இல் 1.3 ஆட்டா, நிமிடத்துக்கு 2,500 சுழற்சி என்பது அரை மணி நேரம் தாங்கும் போர் பவர். 1.42 ஆட்டா, 2,700 சுழற்சி என்பது அவசர பவர். இரண்டும் இரண்டு வேறு விமானங்கள் மாதிரி.

எவ்வளவு நேரம் நேராகப் பறந்தால் உச்ச வேகம் வரும்?

நினைப்பதைவிட அதிக நேரம். எல்லாரும் பொறுமை இழக்கிற இடம் இதுதான்.

உச்ச வேகத்தை நெருங்க நெருங்க, தள்ளுகிற சக்திக்கும் இழுக்கிற சக்திக்கும் வித்தியாசம் மறைந்துகொண்டே வரும். கடைசி சில கி.மீ. ஊர்ந்துதான் வரும். மூன்று டன் எடை, 1,350 குதிரைத்திறன், 520 கி.மீ. உச்ச வேகம் உள்ள ஒரு விமானத்துக்குக் கணக்குப் போட்டால், மிச்சமிருக்கும் இடைவெளி ஒவ்வொரு 26 விநாடிக்கும் முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்ற அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. 480இல் தொடங்கினால் 26 விநாடியில் 505, 52 விநாடியில் 515க்கு ஒரு முடி கீழே, 78 விநாடியில் 518. 519ஐத் தாண்ட ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். 515இல் "முள் நின்றுவிட்டது" என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். முள் நிற்கவில்லை, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. முஸ்டாங் மாதிரி கனமான, வழுக்கலான விமானத்துக்கு இன்னும் அதிக நேரம் பிடிக்கும்.

இங்கே ஒரு சிக்கல். சில விமானங்களில் அவசர பவர் ஒன்றிரண்டு நிமிடம்தான் தாங்கும், அதற்கு மேல் என்ஜின் போய்விடும். என்ன செய்வது? நான் செய்வது இது. ஒரே உயரத்தில் இரண்டு ஓட்டம். முதல் ஓட்டத்தில் போர் பவரில் முடிந்தவரை வேகம் எடுத்து, அது நிலைத்த பிறகு அவசர பவருக்குத் தள்ளி, கீழிருந்து உச்ச வேகத்தை நெருங்குகிறேன். இரண்டாவது ஓட்டத்தில் 300 மீட்டர் மேலே இருந்து மெதுவாக இறங்கி, எதிர்பார்க்கும் வேகத்தைவிட 30 கி.மீ. அதிகமாக எடுத்துக்கொண்டு, குறித்த உயரத்தில் மட்டமாக்கி, அவசர பவரைக் கொடுத்து, வேகம் இறங்கி வருவதைப் பார்க்கிறேன். கீழிருந்து வந்த எண் உண்மையைவிடக் குறைவு. மேலிருந்து வந்த எண் உண்மையைவிட அதிகம். இரண்டுக்கும் நடுவில்தான் உச்ச வேகம் இருந்தாக வேண்டும். இரண்டும் 4 கி.மீ.க்குள் வந்துவிட்டால் அந்த உயரத்தை முடித்துவிடுவேன். வரவில்லை என்றால் மறுபடியும் ஓட்டம். இந்த முறைக்கு மாறிய பிறகு என் எண்களை யாரும் குறை சொல்லி நிரூபிக்க முடிந்ததில்லை.

பறக்கும்போது உயரம் கொஞ்சம் ஏறி இறங்கினால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். 520 கி.மீ.யில் போகும்போது 10 மீட்டர் இறங்கினால் அந்த உயரம் 2 கி.மீ.க்கு மேல் வேகமாக மாறிவிடும். அதைவிட மோசமானது, கண்ணுக்குத் தெரியாத தொடர் இறக்கம். விநாடிக்கு 1 மீட்டர் இறங்கினால் மூன்று டன் விமானத்துக்குச் சுமார் 40 குதிரைத்திறன் இலவசமாகக் கிடைத்த மாதிரி. வேகம் 6 கி.மீ.க்கு மேல் கூடும். ஏற்ற இறக்க மானியில் அது ஒரு சின்ன நடுக்கமாகத்தான் தெரியும்.

எனவே முதலில் ட்ரிம், அதாவது கையை எடுத்தாலும் விமானம் மட்டமாகப் போகும்படி வைக்கும் சரிக்கட்டல். வேகம் கூடக் கூட மூக்கு மேலே போகப் பார்க்கும், கொஞ்சம் கொஞ்சமாக ட்ரிம் கொடுங்கள். ஐஎல்-2இல் மட்டமாகப் பறக்கும் தானியங்கி வசதி உண்டு. அதைப் பயன்படுத்தலாம், ஆனால் அது விமானத்தை மேலும் கீழும் லேசாக ஆட்டுகிறதா என்று பாருங்கள். கையால் ஓட்டிப் பழகினால் அதுவே நல்லது. கடைசி 30 விநாடியில் உயரம் 5 மீட்டருக்குள் இருந்தால் மட்டுமே எண்ணை எடுத்துக்கொள்கிறேன்.

ரேடியேட்டரை மூடி வைக்கலாமா?

மூடினால் வேகம் கூடும், உண்மை. முழுக்கத் திறந்த ரேடியேட்டர் பல பத்து கி.மீ.யைத் தின்றுவிடும். ஆனால் எதை அளக்கிறோம் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். பிஎஃப் 109இல் ரேடியேட்டர் தானாக இயங்குகிறது, விட்டுவிடலாம். யாக்-1, லா-5 போன்ற சோவியத் விமானங்களில் விமானிதான் திறந்து மூட வேண்டும். மூடி ஓட்டி ஓர் எண் எடுத்து, "யாக் இவ்வளவு வேகம்" என்றால், இரண்டு நிமிடத்தில் தண்ணீர் கொதிக்கிற வேகம் அது. சண்டையில் யாருக்கும் பயன்படாது. நான் இரண்டு எண் எழுதுவேன்: மூடிய நிலையில் ஒன்று, வெப்பம் எல்லைக்குள் நிலைத்து நிற்கிற அளவு திறந்து இன்னொன்று. ஒப்பிடும்போது இரண்டாவதைத்தான் மதிக்கிறேன்.

வேறு என்னென்ன சின்ன விஷயங்கள் வேகத்தைத் தின்னும்?

காக்பிட் மூடி திறந்திருப்பது. இறக்கைக்குக் கீழே கூடுதல் பீரங்கிகள். ஐஎல்-2இல் அந்த மாற்றத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே எவ்வளவு வேகம் போகும் என்று எழுதியிருக்கும். குண்டு மாட்டும் கொக்கிகள்: குண்டைப் போட்ட பிறகும் சில விமானங்களில் கொக்கி இறக்கையிலேயே நிற்கும். அப்புறம் ரடர் (வால் சுக்கான்). சறுக்கல் காட்டும் பந்து நடுவில் இல்லையென்றால் விமானம் பக்கவாட்டில் சரிந்து காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம்.

சின்ன விஷயங்கள் என்று ஒதுக்க வேண்டாம். பிரிட்டனின் ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையம் 1943இல் ஒரு ஸ்பிட்ஃபயர் 5ஐ எடுத்து, என்ஜினை மாற்றாமல், காற்று வாயில் இருந்த பனித்தடுப்பு, கண்ணாடி, புகைபோக்கி, இடுக்குகள், பெயின்ட்டின் சொரசொரப்பு என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்து பார்த்தது. எல்லாம் சேர்ந்து மணிக்கு 28 மைல் அளவுக்கு வேகம் கூடியது. ஒரு புதிய என்ஜின் தரக்கூடிய லாபம் அது.

எண்ணை எங்கிருந்து எடுப்பது? முள்ளைப் பார்த்தா?

டேக்வியூ என்ற பதிவு நிரலைப் பயன்படுத்துங்கள். டிசிஎஸ், ஐஎல்-2 இரண்டின் பதிவுகளையும் அது படிக்கும். உண்மை வேகம், உயரம், மாக் எண் (ஒலி வேகத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது) எல்லாம் விநாடி விநாடியாகக் கிடைக்கும். ஓட்டம் முடிந்த பிறகு நிதானமாக உட்கார்ந்து, உயரம் மாறாமல் இருந்த பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அது இல்லாவிட்டால் பழைய வழி இருக்கவே இருக்கிறது. வரைபடத்தில் 20 கி.மீ. இடைவெளியில் இரண்டு அடையாளங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரு ரயில் பாலம், ஒரு ஊர் முனை, எது வேண்டுமானாலும். காற்று பூஜ்யம் என்றால், 120 விநாடியில் கடந்தால் 600 கி.மீ. எந்தத் திருத்தமும் தேவையில்லை. காற்று இருந்தால் இரண்டு திசையிலும் ஓட வேண்டும். அப்போது இரண்டு வேகங்களின் சராசரியைத்தான் எடுக்க வேண்டும், இரண்டு நேரங்களின் சராசரியை அல்ல. 50 கி.மீ. காற்றில் 600 கி.மீ. விமானம் போகும்போது 650, வரும்போது 550. வேகங்களின் சராசரி 600. நேரங்களைச் சராசரி எடுத்துக் கணக்கிட்டால் 596 வரும்.

உலக சாதனைகளும் இப்படித்தான் அளக்கப்பட்டன. 1939 ஏப்ரல் 26 அன்று ஃப்ரிட்ஸ் வெண்டல் மெ 209 விமானத்தில் 755.138 கி.மீ. எட்டியது தரையை ஒட்டிய 3 கி.மீ. பாதையில், இரு திசையிலும் ஓடி எடுத்த சராசரி. பிஸ்டன் என்ஜின் விமானங்களில் அந்தச் சாதனை 1969 வரை முறியடிக்கப்படவில்லை.

நிஜ அறிக்கைகளோடு ஒப்பிடும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் விமானத்தின் சரியான வகை. "ஸ்பிட்ஃபயர் 9" என்று மட்டும் சொன்னால் அது எதையும் குறிக்காது. மெர்லின் 61 பொருத்தியது, 66 பொருத்தியது, 70 பொருத்தியது என்று அதற்குள்ளேயே பல. 66 உள்ளது தாழ்வான உயரத்துக்காகச் செய்யப்பட்டது. டிசிஎஸ்ஸில் இருப்பது அதுதான். 61இன் அறிக்கையை எடுத்துக்கொண்டு வந்து அதில் தேடினால் பல் முறியும் உயரம்கூட ஒத்துவராது.

அடுத்து, யார் அளந்தார்கள் என்பது. எதிரியிடம் பிடித்த விமானத்தை அளந்த அறிக்கைகளைக் கவனமாகப் படிக்க வேண்டும். 1942 ஜூனில் ஆர்மின் ஃபாபர் என்ற ஜெர்மன் விமானி வழி தவறி வேல்ஸில் உள்ள பெம்ப்ரி தளத்தில் தன் ஃபோக்க-வுல்ஃப் 190ஐ இறக்கிவிட்டார். பிரிட்டிஷ்காரர்கள் அதை ஸ்பிட்ஃபயர் 5ஓடு பக்கத்துப் பக்கம் ஓட்டிப் பார்த்தார்கள். எல்லா உயரத்திலும் 190 மணிக்கு 20 முதல் 35 மைல் வரை வேகம் என்று தெரிந்தது. இந்த மாதிரி அறிக்கையின் அருமை அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. இரண்டு விமானமும் ஒரே நாளில், ஒரே காற்றில் பறந்தன. வானிலைப் பிழை இரண்டையும் ஒன்றாகவே பாதித்தது. சிமுலேட்டரிலும் இதைச் செய்யலாம். நண்பர் ஒருவர் ஸ்பிட்ஃபயரில், நீங்கள் 190இல், இறக்கையோடு இறக்கை சேர்ந்து பறந்து ஒரே நேரத்தில் முழு பவர் கொடுங்கள். ஒரு நிமிடத்தில் எவ்வளவு இடைவெளி விழுந்தது என்று பாருங்கள்.

எத்தனை சதவீத வித்தியாசம் வரை ஏற்றுக்கொள்ளலாம்?

என் அளவுகோல் இது: 1 சதவீதத்துக்குள் இருந்தால் பேசாமல் விட்டுவிடுவேன். 2 சதவீதம் என்றால் இன்னொரு முறை ஓட்டுவேன். 3 சதவீதத்தைத் தாண்டினால் எங்கே தப்பு என்று தேடுவேன். காரணம் இருக்கிறது. தேவைப்படும் பவர் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. பவரை 10 சதவீதம் கூட்டினால் வேகம் 3 சதவீதம்தான் கூடும். அதையே திருப்பிப் பாருங்கள்: 600 கி.மீ. வர வேண்டிய விமானம் 582இல் நின்றால், கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு பவர் எங்கோ காணாமல் போயிருக்கிறது. சுழற்சியைக் குறைத்து வைத்திருப்பீர்கள், சூப்பர்சார்ஜர் தப்பான கியரில் இருக்கும், இல்லையென்றால் ரேடியேட்டர் திறந்திருக்கும். நிஜத்திலும் ஒரே தொழிற்சாலையில் ஒரே வாரம் வெளிவந்த இரண்டு விமானங்கள் ஒரே வேகத்தில் பறந்ததில்லை.

பலர் சேர்ந்து விளையாடும் சர்வரில் அளக்கலாமா?

வேண்டாம். வானிலை உங்கள் கையில் இல்லை, பின்னால் யாராவது வருவார்கள். தனியாக அளந்துவிட்டு அங்கே போங்கள்.

ஜெட் விமானங்களுக்கும் இதே முறைதானா?

அடிப்படை ஒன்றுதான், ஆனால் தொல்லை வேறு மாதிரி. இங்கே மாக் எண்தான் பேச்சு. சுமார் 11 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56.5 டிகிரிக்கு வந்து அதற்கு மேல் குறையாமல் நிற்கிறது. அங்கே ஒலியின் வேகம் மணிக்கு 1,062 கி.மீ.; கடல் மட்டத்தில் 1,225. அதனால் மாக் 2 என்று சொன்னால் எந்த உயரத்தில் என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, சுமை. பிஸ்டன் விமானத்தில் எடை பெரிதில்லை என்றேன். ஜெட்டில் இறக்கைக்குக் கீழே தொங்கும் ஒவ்வொரு ஏவுகணையும் டாங்கியும் ஒலி வேகத்துக்கு மேல் பெரிய இழுவை. புத்தகத்தில் உள்ள மாக் எண் பெரும்பாலும் எதுவும் மாட்டாத விமானத்துக்கு உரியது. மூன்றாவது, எரிபொருள். ஆஃப்டர்பர்னரில் (ஜெட் புகையில் கூடுதல் எரிபொருளை எரித்து உந்துதலைக் கூட்டும் வசதி) உச்ச வேகம் வருவதற்குள் டாங்கி காலியாகும். 11 கி.மீ.க்கு ஏறி, ஒரு மெல்லிய இறக்கத்தில் ஒலி வேகத்தைத் தாண்டி, பிறகு மட்டமாக்கினால் கொஞ்சம் மிச்சமாகும். மிக்-21 பிஸ் போன்றவற்றில் என்ஜினுக்கு முன்னாலேயே கையேட்டின் எல்லை வந்துவிடும்: மாக் 2.05, தாழ்வில் மீட்டர் வேகம் 1,300 கி.மீ. அது என்ஜினால் முடிகிற வேகம் அல்ல, விமானம் பத்திரமாகத் தாங்குகிற வேகம். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

முடிவுகளை எப்படிக் குறித்துவைப்பது?

ஒரு ஓட்டத்துக்கு ஒரு வரி. விமானத்தின் முழுப் பெயர், சிமுலேட்டரின் பதிப்பு எண், வரைபடம், வெப்பநிலை, உயரம், மேனிஃபோல்டு அழுத்தம், சுழற்சி, ரேடியேட்டர் நிலை, எரிபொருள், கீழிருந்து வந்த வேகம், மேலிருந்து வந்த வேகம். பதிப்பு எண்ணை மறக்காதீர்கள். ஒரு புதுப்பிப்பு வந்தால் விமானம் பறக்கும் விதத்துக்கான கணக்கே மாறலாம், போன வருடத்து எண் செல்லாததாகலாம்.

முதன்முதலாக எந்த விமானத்தில் தொடங்கலாம்?

பிஎஃப் 109 எஃப்-4. ரேடியேட்டரும் ப்ரொப்பெல்லர் கோணமும் தானாக இயங்குவதால் உங்கள் கவனம் முழுக்க உயரத்தில் இருக்கலாம். ஐஎல்-2இல் குபான் வரைபடத்தைத் திறந்து, 15 டிகிரி, 760, காற்றில்லாமல் வைத்து, கருங்கடலுக்கு மேலே 100 மீட்டரில் தொடங்குங்கள். கடலுக்கு மேலே மலை வந்து குறுக்கிடாது. 1.3 ஆட்டாவில் ஐந்து நிமிடம் நேராக ஓட்டி, ஒவ்வொரு 15 விநாடிக்கும் வேகத்தைக் குறித்து, அந்தப் புள்ளிகளைத் தாளில் வரைந்து பாருங்கள். முதலில் செங்குத்தாக ஏறி, வளைந்து, கடைசியில் படுத்துக்கொள்ளும் ஒரு கோடு வரும். அது படுத்த இடத்தில் உள்ள எண்ணை விமானக் குறிப்பில் போர் பவருக்குக் கொடுத்திருக்கும் கடல் மட்ட வேகத்தோடு ஒப்பிடுங்கள். 1 சதவீதத்துக்குள் வந்துவிட்டால் 2,000 மீட்டருக்கு ஏறலாம்.